வளைவில் இறங்கியவர்கள்

தேவாரம்,
ஆகஸ்ட் 11

அன்புத் தம்பி செழியனுக்கு, அக்கா கலையரசி எழுதுவது.

இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம்தான். மச்சானுக்குத்தான் தூக்கமில்லை. மக்காச்சோளம் பால் பிடித்திருக்கிறது, யானை இறங்குகிறது என்று ஊரே சோளக்காட்டில் காவல் கிடக்கிறது. பானுப்பிரியாவுக்கும் பாப்பாவுக்கும் சென்னைத் தண்ணி ஒத்துக்கொண்டதா?

போன் போட்டால், "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசுறேன்" என்கிறாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பொன்னுமணியை உனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், உனக்குச் சைக்கிள் பழக்கியவள். போன வாரம் எங்களோடு மலைக்கு, ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும்போது ஜீப்பிலிருந்து விழுந்துவிட்டாள். உட்கார இடமில்லாமல் பின்படியில் கம்பியைப் பிடித்து நின்றாள். டிரைவர் சின்ராசு வளைவில் ஒடித்துத் திருப்பியதும் பிடி நழுவியது. காறை எலும்பு உடைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில், "குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தேன்" என்று அவளே சொன்னாள். உண்மையைச் சொன்னால் ஜீப்பைப் பிடித்துப்போடுவார்கள், அதில் போகிற எல்லாருக்கும் சோலி போய்விடும். அப்படிச் சொல்லச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் போகிற விதம் உனக்குத் தெரியாதது இல்லை. எட்டுப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் இருபது பேர் ஏறுகிறோம். போடிமெட்டு செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில் சின்ராசு கதவில் இரண்டு தட்டு தட்டுவான். எட்டுப் பேரை விட்டுவிட்டு மற்றவர்கள் இறங்குவோம். குறுக்குப் பாதையில் ஏறிப் போனால் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. ஜீப்பு அங்கே வந்து மறுபடி ஏற்றிக்கொள்ளும். போலீசுக்கும் தெரியும். கண்ணில் படாமல் இருந்தால் அவர்களுக்குப் போதும்.

எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கவர்ன்மென்ட் பஸ்சு. காலை ஐந்து மணிக்குத் தேவாரத்தில் எடுத்துப் போடிமெட்டு வரைக்கும் வந்தால் போதும். அதற்கு மேலே கேரளா, தோட்டத்து வண்டியே வந்து ஏற்றிக்கொள்ளும். விடியும் முன்னே மலை ஏறுகிறோம், இருட்டிய பிறகு இறங்குகிறோம். எங்கள் வீட்டை நாங்கள் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த இருட்டில் பின்படியில் தொங்காமல் போனால் போதும் என்று கேட்கிறோம்.

எம்.எல்.ஏ. அம்மாவுக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பது நீதான். அவர்கள் காதில் இதைப் போடு. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
கலையரசி


சென்னை,
ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, மச்சான் எல்லாரும் சுகமாக இருப்பது அறிந்து நிம்மதி. பாப்பாவை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. பானு உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் கோரிக்கையை எம்.எல்.ஏ. சந்திரவல்லி அம்மாவிடம் சொன்னேன். "நம்ம பொம்பளைகளுக்கு இதைச் செஞ்சே ஆகணும் செழியன்" என்றார்கள். அவர்கள் வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவர்கள் இல்லை. முறைப்படி ஒரு மனு வேண்டும். தோட்டத்துக்குப் போகும் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போடட்டும்.

மனுவில் விபத்து பற்றி எழுத வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஒன்று சொல்லி, மனுவில் வேறொன்று எழுதினால் முதல் மேஜையிலேயே ஒதுக்கிவிடுவார்கள். "கூட்ட நெரிசலால் சிரமப்படுகிறோம்" என்பது போதும். புகார் வாடை அடிக்கக்கூடாது, கோரிக்கையாக இருக்க வேண்டும். செக்போஸ்ட் விஷயமும் வேண்டாம்.

இன்னொன்று. நீ என் அக்கா என்று அம்மாவிடம் சொல்லவில்லை. சொந்தக்காரர்களுக்காகப் பேசுகிறேன் என்று ஆகிவிடும். நீயும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

மச்சானைப் பனியில் படுக்க வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
செழியன்


தேவாரம்,
செப்டம்பர் 22

அன்புத் தம்பிக்கு,

மச்சானுக்குச் சளி பிடித்து இப்போது தேவலை. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா?

நீ சொன்னபடியே விபத்தை விட்டுவிட்டு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து பொன்னுமணி போட்டது. வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் போட்டாள், அதனால்தான் கோணலாக இருக்கிறது. அதைக் கைநாட்டு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

விஷயம் சின்ராசு காதுக்குப் போய்விட்டது. மறுநாள் வண்டியை எடுக்கும் முன்னே பின்னால் வந்து நின்றான்.

"என்னக்கா, பஸ்சு வருதாம்ல? எனக்கும் ஒரு சீட்டுப் போட்டு வைங்க. வண்டிய வித்துப்புட்டு உங்ககூடவே காய் எடுக்க வாறேன்."

"வாடா. ஒரு நாளைக்குக் குனிஞ்சு பாரு. ஸ்டியரிங்குக்கு முன்னாடி நிமிந்து உக்காந்திருக்கிறதோட அருமை தெரியும்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"சிரிங்க. பஸ்சு ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வராத அன்னிக்கு யாருக்குப் போன் போடுவீக? எம்.எல்.ஏ.வுக்கா, எனக்கா?"

அவன் கெட்டவன் இல்லை. பொன்னுமணியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தான். ஆனால் அன்றிலிருந்து மனுவைப் பற்றி ஜீப்பில் யாரும் பேசுவதில்லை.

வெரசா ஒரு வழி செய். கையெழுத்து வாங்கின நாளிலிருந்து, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்கிறார்கள்.

உன் அக்கா,
கலையரசி


சென்னை,
நவம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு வர முடியவில்லை, வருத்தப்படாதே. பானுவுக்குக் காய்ச்சல் வந்து இப்போது சரியாகிவிட்டது.

நல்ல சேதி. மனு நகர்ந்துவிட்டது. ஜீப்புகளில் உண்மையிலேயே கூட்டம் அதிகமா என்று எண்ணிப் பார்க்கத் துறை அதிகாரிகள் வருகிறார்கள். இம்மாதம் பதினான்காம் தேதி காலை, போடிமெட்டு செக்போஸ்ட்டில். கூட்டம் இருக்கிறது என்று அவர்கள் எழுதிவிட்டால் பஸ்சை யாரும் மறுக்க முடியாது.

தேதியை நான் சொன்னதாக வெளியே வரக்கூடாது. யாரிடமும் சொல்லாதே. ஆனால் அன்றைக்கு மட்டும் யாரும் வளைவில் இறங்காமல் எல்லாரும் வண்டியிலேயே உட்கார்ந்து வரும்படி பார்த்துக்கொள்.

குளிர் கூடியிருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
செழியன்


தேவாரம்,
நவம்பர் 17

அன்புத் தம்பிக்கு,

பானுவை நிலவேம்புக் கஷாயம் குடிக்கச் சொல். எங்களுக்கு ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் எல்லாரையும் உட்கார வைக்கச் சொன்னாய். அதை எப்படிச் செய்வது என்று நீ எழுதவில்லை.

ஜீப்பு அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் சொன்னேன். "இன்னிக்கு எண்ண வாராக. யாரும் இறங்காதீக. இந்த ஒரு நாள் உக்காந்திருந்தா பஸ்சு வந்துரும்." எல்லாரும் சரி என்றார்கள். சத்தியமாகச் சரி என்றுதான் சொன்னார்கள்.

வளைவு வந்தது. சின்ராசு கதவில் இரண்டு தட்டு தட்டினான். தட்டிய சத்தம் அடங்கும் முன்னே பின்னால் இருந்தவர்களின் கால் தரையில் இருந்தது. வருசக்கணக்கான பழக்கம். நான், "ஏய், உக்காருங்கடி" என்று கத்தினேன். இரண்டு பேர் மறுபடி ஏறினார்கள்.

சின்ராசு இறங்கி வந்தான். "மேல ஆபீசருக ஜீப்பு நிக்கிது. இத்தனை பேரோட போனா வண்டியத் தூக்கிருவாக. டியூ கட்டாத வண்டி, திரும்பி வராது. நாளைக்கு எதுல போவீக? சொல்லுங்கக்கா, எதுல போவீக? இறங்குங்க."

ஏறின இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நானும் இறங்கினேன்.

குறுக்குப் பாதையின் மேல்திருப்பத்தில் நின்றால் செக்போஸ்ட் நன்றாகத் தெரியும். அதிகாரிகள் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்ராசு வண்டிக்குள் ஒருவர் எட்டிப் பார்த்தார். எட்டே பேர், மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் கை காட்டி அனுப்பினார். பின்னால் வந்த ஜீப்புகளும் அப்படியே. கூப்பிடு தூரம்தான், தம்பி. கூப்பிட்டிருக்கலாம். தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு புதருக்குப் பின்னால் நின்றேன்.

பிழை எங்கள் மேல்தான். ஆனால் அந்தக் கணக்கு பொய்க்கணக்கு, அது உனக்குத் தெரியும். அவர்களை வளைவில் நின்று எண்ணச் சொல். தேதி சொல்லாமல் வரச் சொல். ஒரே ஒரு நாள் போதும்.

உடனே பதில் போடு.

உன் அக்கா,
கலையரசி


தேவாரம்,
டிசம்பர் 22

தம்பி செழியனுக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் மூன்று பேரின் சுகத்துக்கும் எழுது.

போன கடிதம் கிடைத்ததா? மூன்று தடவை போன் போட்டேன். இரண்டு தடவை மீட்டிங். ஒரு தடவை பாப்பா எடுத்து, "அப்பா குளிக்கிறாங்க" என்றாள். பின்னால் உன் குரல் கேட்டது.

பொன்னுமணிக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது. கை தோளுக்கு மேலே போக மாட்டேன் என்கிறது. தோட்டத்துச் சூப்பர்வைசர், "சேச்சி, கை சரியாகட்டே, பின்னே நோக்காம்" என்று மலையாளத்தில் சொல்லி, கை சரியான பிறகு பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வளைவில் எண்ணச் சொன்னாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

கலையரசி


சென்னை,
ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். சட்டமன்றக் கூட்டம், புத்தாண்டு என்று அலைச்சல், அதனால் தாமதம். பொங்கலுக்குப் பானு உனக்குச் சேலை எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

உனக்கும் நம் ஊருக்கும் பெருமையான ஒரு விஷயம். சாலைப் பாதுகாப்பு மாதத்தை ஒட்டி இம்மாதம் இருபதாம் தேதி போடியில் விழா நடக்கிறது. மலைப்பாதையில் விதிகளை மதித்துப் பயணம் செய்யும் தேவாரம் பெண் தொழிலாளர்களுக்கு எம்.எல்.ஏ. அம்மா கேடயம் வழங்குகிறார்கள். இதுவரை எந்தத் தோட்டத் தொழிலாளர்களையும் இப்படி மேடை ஏற்றியதில்லை. எல்லார் சார்பிலும் நீ வாங்கிக்கொள்கிறாய். பெயரை நான்தான் கொடுத்தேன். பானு அனுப்பிய சேலையைக் கட்டிக்கொண்டு போ.

பஸ் விஷயம் படிப்படியாக நடக்கும். முதலில் நம் மக்கள் மேலே உள்ளவர்கள் பார்வைக்கு வர வேண்டும். இது அதற்கு முதல் படி.

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து சொல்.

அன்புடன்,
செழியன்


தேவாரம்,
ஜனவரி 24

தம்பி செழியனுக்கு,

சேலை வந்தது. நல்ல நிறம். பானுவிடம் சொல். எங்களுக்குச் சுகம்தான்.

நீ விழாவுக்கு வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பொன்னுமணிதான், "போடி, மேடையில நின்னா மைக்கு கைக்கு வரும், பஸ்சக் கேட்டுரு" என்றாள். சோலிக்குப் போகாமல் எல்லாரும் ஒரு நாளைத் தொலைத்துவிட்டு வந்து கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

எம்.எல்.ஏ. அம்மா நன்றாகப் பேசினார்கள். ஏலக்காய் விலை இறங்கும்போது வியாபாரியை விடத் தொழிலாளிக்குத்தான் முதலில் அடி விழுகிறது என்றார்கள். யானைக்கு அகழி வெட்டுவது மட்டும் தீர்வாகாது என்றார்கள். கைதட்டல். பிறகு எங்களுக்கு வந்தார்கள். "இந்த மலையில் ஓடும் ஜீப்புகளில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒருவர்கூட ஏறவில்லை என்று ஆய்வு சொல்கிறது. சட்டத்தின் காவலுக்குப் பயந்து அல்ல, சுய கட்டுப்பாட்டால் இதைச் சாதித்தவர்கள் இந்தச் சகோதரிகள். விடியும் முன்னே மலை ஏறி, இருட்டிய பிறகு இறங்கி, தங்கள் வீட்டை வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று வாழ்கிறவர்கள்."

அந்தக் கடைசி வாக்கியம் நான் உனக்கு எழுதியது. அதற்கு முந்தின வாக்கியம் நீ எழுதியது. அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன், பஸ்சு வரும் என்று. சட்டென்று என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சால்வை போட்டார்கள். கேடயம் கொடுத்தார்கள். மைக்கை யாரும் தரவில்லை. ஆனால் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, "வேற எதுவும் வேணுமாம்மா?" என்று கேட்டார்கள். ஒப்புக்குக் கேட்கவில்லை. பதிலுக்காக நின்றார்கள். போட்டோக்காரர், "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்றார். ஸ்பீக்கரில் பாட்டு. "ஒண்ணுமில்லம்மா, சந்தோசம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கீழே பொன்னுமணி ஒரு கையால் தொடையில் தட்டிக் கைதட்டிக்கொண்டிருந்தாள். "கேட்டியா?" என்றாள். தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ஜீப்பில் எனக்குப் புதுப் பேர், "கேடயத்தம்மா". சின்ராசு, "அந்தக் கேடயத்தக் கொண்டாங்கக்கா, வண்டிக்கு முன்னால வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்றான். எடுத்து, கண்ணாடியில் ஒட்டியும் விட்டான். "அரசாங்கமே பாராட்டின வண்டி. இன்னும் ரெண்டு பேர் ஏறலாம், வாங்க வாங்க" என்கிறான். ஏறுகிறார்கள். வளைவு வந்தால் இறங்குகிறார்கள். நானும்தான்.

மனு என்ன ஆனது? சுற்றி வளைக்காமல் எழுது.

கலையரசி


சென்னை,
பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதால் சொல்கிறேன். மனு முடித்து வைக்கப்பட்டுவிட்டது. ஆய்வின்படி நெரிசல் இல்லாததால் தேவை எழவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதிய பிறகு அதற்கு எதிராக அம்மாவைப் பேச வைக்க முடியாது. ஆய்வறிக்கையை வைத்துத்தான் நான் பேச்சு எழுத முடியும். உன் கடிதத்தை வைத்து எழுத முடியாது. அந்த அறிக்கையை மோசமான முடிவாக விடாமல் நம் பெண்களுக்கு ஒரு மரியாதையாகவாவது மாற்றினேன். அதை நீ புரிந்துகொள்ளவில்லை.

ஒரு வருடம் போகட்டும். புதிதாக ஒரு மனு போடலாம்.

இந்த விஷயங்களை இனிமேல் கடிதத்தில் எழுத வேண்டாம். எதுவானாலும் போன் பண்ணு.

அன்புடன்,
செழியன்


தேவாரம்,
மார்ச் 2

அனுப்புநர்:
கலையரசி மற்றும் ஏலத்தோட்டப் பெண் தொழிலாளர்கள்,
தேவாரம்.

பெறுநர்:
சட்டமன்ற உறுப்பினர் அவர்கள்.
வழி: திரு. செழியன், உதவியாளர், சென்னை.

பொருள்: மலைப்பாதை ஜீப்புகளை மறுபடி எண்ணக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

தாங்கள் ஜனவரியில் எங்களுக்கு வழங்கிய கேடயத்துக்கு நன்றி. அதற்கு நாங்கள் உரியவர்கள் அல்ல. எங்கள் ஜீப்பில் இருபது பேருக்கு மேல் போகிறோம். செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில் பெரும்பாலோர் இறங்கி, குறுக்குப் பாதையில் நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறுகிறோம். ஆய்வு நடந்த அன்றும் அப்படியே செய்தோம்.

கடந்த ஆகஸ்டில் எங்களில் ஒருவரான பொன்னுமணி ஓடும் ஜீப்பிலிருந்து விழுந்து தோள் முடமானார். ஆஸ்பத்திரியில் வேறு காரணம் சொன்னது பயத்தால்.

ஆய்வு நாளை உதவியாளர் திரு. செழியன் எங்களில் ஒருவருக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்தார். தெரிந்திருந்தும் எங்களால் வண்டியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஒரு நாள் சோலியை இழக்க எங்களுக்குத் தைரியம் இல்லை. ஆகவே செக்போஸ்ட்டில் எத்தனை தடவை எண்ணினாலும் எட்டுப் பேர்தான் வரும். வளைவில் நின்று எண்ணுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கலையரசி
(கையெழுத்துகள் இணைப்பில்)

செழியன்: இதை அம்மா கையில் கொடு. நீ கொடுக்காவிட்டால் அவர்கள் அடுத்த தடவை போடிக்கு வரும்போது நானே கொடுப்பேன். கையெழுத்து போன தடவையில் பாதிதான் வாங்க முடிந்தது. "கேடயத்தையும் வாங்கிக்கிட்டு, பஸ்சும் கேக்குறியா?" என்று ஒருத்தி கேட்டாள்.


சென்னை,
மார்ச் 10

அன்புள்ள அக்கா,

உன் கால் பிடித்துக் கேட்கிறேன், அந்த மனுவை அப்படியே கொடுக்காதே.

நான் இங்கே நிரந்தரப் பணியாள் இல்லை. அம்மா ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் வெளியே. ஆய்வுத் தேதியை வெளியே விட்டவன் என்று ஒரு தடவை பேர் வந்தால் வேறு யாரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். பாப்பாவின் படிப்பு, வாடகை, எல்லாம் இதில்தான் நிற்கிறது. நான் தேதியைச் சொன்னது உனக்காகத்தானே?

மற்றதெல்லாம் இருக்கட்டும். என் பெயரை மட்டும் எடுத்துவிடு. மனுவின் பலம் குறையாது.

வரும் பதினாறாம் தேதி அம்மா போடி பயணியர் விடுதிக்கு வருகிறார்கள். நானும் வருவேன். அங்கே என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம்.

செழியன்


தேவாரம்,
மார்ச் 23

தம்பி,

உன் உடம்பை விசாரிக்கவில்லை. நேரிலேயே பார்த்தேனே. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய்.

உன் பெயரை எடுத்துவிட்டுத்தான் மனுவை எழுதிக்கொண்டு வந்தேன். "ஆய்வு நாள் எனக்கு முன்கூட்டியே தெரியும்" என்று மாற்றினேன். நீ அம்மாவின் இடது பக்கம் பைலோடு நின்றாய். நான் வரிசையில் வந்ததைப் பார்த்தாய். பார்த்துவிட்டுப் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாய்.

அந்த அம்மா மனுவை நின்றபடியே முழுசாகப் படித்தார்கள். முகம் மாறிவிட்டது. "இதை ஏம்மா அன்னிக்கே சொல்லல? நான் கேட்டேன்ல?" என்றார்கள். அதற்கு நான் தலை குனிந்தேன். அந்தக் குற்றம் என்னுடையது. பிறகு, "ஆய்வுத் தேதிய உனக்கு யாரு சொன்னது?" என்றார்கள்.

நீ பேசுவாய் என்று காத்திருந்தேன். நான் காத்திருந்தது உனக்கும் தெரியும். நீ போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். அதன் திரை அணைந்து கிடந்தது.

"தெரிஞ்சவுக சொன்னாகம்மா" என்றேன்.

"தெரிஞ்சவுகன்னா?"

"ஊர்ல பேசிக்கிட்டாகம்மா."

நம்பவில்லை. ஆனாலும் பேனாவைக் கேட்டார்கள். நீதான் எடுத்துக் கொடுத்தாய். "வளைவில் நின்று, முன்னறிவிப்பின்றி, மறுபடி எண்ணவும்" என்று மனுவின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பைலில் வைக்க உன்னிடமே கொடுத்தார்கள். அது இப்போது உன் கையில் இருக்கிறது. அதை நகர்த்துவதும் முடக்குவதும் உன் பாடு. நான் இனிமேல் கேட்டு எழுதமாட்டேன்.

விடுதி வாசலில் கூட்டத்தில் சின்ராசுவும் நின்றிருக்கிறான். எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் ஜீப்பு என் முன்னால் நின்றது. "இடமில்லக்கா" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. "இன்னிக்கு மட்டுமாடா?" என்றேன். "உங்களுக்குத்தான் பஸ்சு வருதுல்ல" என்றான். உள்ளே இருந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் உட்காருகிற இடத்தில் பொன்னுமணி உட்கார்ந்திருந்தாள். கை கோணலாக இருந்தாலும் பரவாயில்லை என்று தோட்டத்தில் சேர்த்துக்கொண்டார்களாம். காய் அவ்வளவு கிடக்கிறது, ஆள் இல்லை. அவள் மட்டும் என்னைப் பார்த்தாள். எதையாவது பேச வேண்டுமே என்று, "செழியன் வந்திருந்தானாமே, நல்லா இருக்கானாடி?" என்று கேட்டாள்.

நல்லா இருக்கான் என்றேன். வண்டி கிளம்பிவிட்டது.

இப்போது மச்சானோடு காட்டு வேலைக்குப் போகிறேன். மலைக்கூலி இங்கே கிடையாது. வீட்டை மட்டும் தினமும் வெளிச்சத்தில் பார்க்கிறேன். இதையும் எந்தப் பேச்சிலாவது சேர்த்துக்கொள்.

நான் போகாததால் கணக்கு குறையுமோ என்று யோசிக்காதே. எண்ண வருகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். நேற்று விடியும் முன்னே ஜீப்பு எங்கள் காட்டைத் தாண்டிப் போகும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். என் இடத்தில் பொன்னுமணி. பின்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண், புதுசாகச் சேர்ந்தவள். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவில்லை.

கலையரசி